செல்லுக்குள் கால்சியம் தொலைவு போவதில்லை என்றால், அலை மட்டும் எப்படிப் போகிறது?

செவ்வந்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதுகலை விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செல் சமிக்ஞைப் பாடத்தில் ஒரு முடிச்சு அவிழ மறுக்கிறது.

செல்லுக்குள் நுழையும் கால்சியம் அயனி நுழைந்த இடத்தருகிலேயே புரதங்களிடம் பிடிபட்டுவிடும், தொலைவு போகாது என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் தவளை முட்டையின் படம். விந்தணு நுழைந்த இடத்தில் கிளம்பும் கால்சியம் அலை மறுகோடிவரை ஓடுகிறது. பிடிபட்டுக் கிடக்கும் அயனி எப்படி ஓடும்? வகுப்பில் கேட்டேன். "ஐ.பி.3 பரவுகிறது, அதன் பின்னால் கால்சியமும் பரவுகிறது" என்று ஒரு வரியில் பதில் வந்தது. செல்லுக்குள் செய்தி கொண்டுபோகும் அந்தச் சிறு மூலக்கூறு, ஐ.பி.3, அவ்வளவு விரைவாக ஓடக்கூடியதா? தேர்வுக்காகக் கேட்கவில்லை. இது புரியாமல் அடுத்த அதிகாரத்துக்குப் போக மனம் வரவில்லை.

வேப்பமர நிழல் எழுதியது:

செவ்வந்தி, முதலில் நிலைமை எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடலியங்கியல் நடத்தியவன் நான். மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்தத் தொடக்கத்தில்தான்.

ஓய்ந்திருக்கும் செல்லின் சைட்டோபிளாசத்தில் தனித்து உலவும் கால்சியத்தின் செறிவு ஏறத்தாழ 100 நானோமோலார். வெளியே திசுநீரில் அது ஒரு மில்லிமோலாருக்கும் மேல். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்! இதைக் காப்பதற்குச் செல் ஓயாமல் ஆற்றலைச் செலவிடுகிறது. செல் சவ்வில் உள்ள பம்புகள் கால்சியத்தை வெளியே தள்ளுகின்றன. செல்லுக்குள் கால்சியத்தின் சேமிப்பறையாக இருக்கும் எண்டோபிளாச வலையின் சவ்வில் உள்ள செர்கா என்னும் பம்பு அதை வலைக்குள் இழுத்துச் சேமிக்கிறது. இரண்டும் ஏ.டி.பி.யை எரித்தே வேலை செய்கின்றன.

ஏன் இந்தப் பாடு? செல்லின் ஆற்றல் நாணயமான அந்த ஏ.டி.பி.யில் பாஸ்பேட் இருக்கிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் அதிகச் செறிவில் சேர்ந்தால் கரையாத உப்பாகப் படிந்துவிடும். எலும்புக்கு அது நல்லது, சைட்டோபிளாசத்துக்குச் சாவு. ஆகவே உயிர்கள் கால்சியத்தை வெளியே வைக்கப் பழகின. அப்படி விலக்கி வைத்ததால்தான் சிறிதளவு உள்ளே வந்தாலும் அது செய்தி ஆகிறது. உட்பகுதியின் கன அளவு ஒரு பிக்கோலிட்டர் உள்ள செல்லைக் கணக்கிட்டுப் பாருங்கள். 100 நானோமோலார் என்றால் மொத்தமே 60,000 தனி அயனிகள். இதே செல்லில் பொட்டாசியம் அயனிகள் பல ஆயிரம் கோடி. அந்த நெரிசலில் பொட்டாசியத்தைக் கொண்டு நுட்பமான செய்தி சொல்ல முடியாது.

கடலோரக் கணிதன் எழுதியது:

நான் இயற்பியல்காரன், உயிரியல் பக்கம் ஆர்வத்தால் வந்தவன். செவ்வந்தியின் சந்தேகத்தை எண்களைக் கொண்டே சோதிக்கலாம்.

1992இல் ஆல்பிரிட்டன், மேயர், ஸ்ட்ரையர் ஆகிய மூவர் செனோபஸ் தவளையின் முட்டைச் செல்லிலிருந்து எடுத்த சைட்டோபிளாசச் சாற்றில் விரவல் வேகத்தை, அதாவது மூலக்கூறுகள் தாமாகவே பரவும் வேகத்தை, அளந்தார்கள். கால்சியத்தைப் பிடிக்கும் புரதங்களெல்லாம் நிரம்பி, அயனி தடையின்றி உலவும்போது அதன் விரவல் கெழு நொடிக்கு ஏறத்தாழ 220 சதுர மைக்ரோமீட்டர். ஓய்வுநிலைச் செறிவில் அதே அயனிக்கு வெறும் 13. ஐ.பி.3க்கு ஏறத்தாழ 280, ஏனென்றால் அதைப் பிடித்து வைக்கும் புரதங்கள் குறைவு.

தவளை முட்டையின் விட்டம் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர். தூரத்தின் வர்க்கத்தை விரவல் கெழுவின் இருமடங்கால் வகுத்தால் தோராயமான நேரம் கிடைக்கும். 13 என்று வைத்தால் பதினைந்து மணி நேரம் ஆகிறது. 220 என்று வைத்தாலும் ஐம்பது நிமிடத்துக்கு மேல். ஐ.பி.3க்கு நாற்பது நிமிடத்துக்கு மேல், அதுவும் வழியில் எந்த நொதியும் அதை உடைக்காமல் விட்டால். நேரில் பார்த்தால் அலை நொடிக்குப் பத்து மைக்ரோமீட்டர் அளவில் நகர்ந்து சில நிமிடங்களில் மறுகோடியைத் தொட்டுவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விரவல் போகப்போகச் சோர்ந்துபோகும். இரு மடங்கு தூரத்துக்கு நான்கு மடங்கு நேரம் ஆகும். இந்த அலையோ தொடக்கத்தில் போன வேகத்திலேயே கடைசிவரை போகிறது. தூரத்தால் தளராத வேகம் என்றால், வழி நெடுக யாரோ ஆற்றலை ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

நிலாமுற்றம் எழுதியது:

கணிதன் சொன்ன அந்த "யாரோ" எண்டோபிளாச வலையின் சவ்வில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் ஐ.பி.3 ஏற்பிகள்தாம். நான் ஒளிர்சாயங்களைக் கொண்டு உயிருள்ள செல்களில் கால்சியத்தைப் படமெடுக்கும் வேலையில் இருக்கிறேன்.

செய்தி தொடங்குவது செல் சவ்வில். ஹார்மோனோ நரம்பின் வேதிப்பொருளோ வெளியிலிருந்து வந்து தன் ஏற்பியில் அமர்கிறது. அது பாஸ்போலிபேஸ் சி என்னும் நொதியைத் தூண்டுகிறது. அந்த நொதி சவ்வில் உள்ள பி.ஐ.பி.2 என்ற கொழுப்பை வெட்டி ஐ.பி.3யை அவிழ்த்துவிடுகிறது. இந்தச் சிறு மூலக்கூறுதான் சேமிப்பறையைத் திறக்கிறது என்று 1983இல் காட்டினார்கள். கணையச் செல்களின் சவ்வைப் பொத்தலாக்கி, உள்ளே ஐ.பி.3யைச் சேர்த்ததும் வெளிவந்த கால்சியத்தை அளந்த அந்த ஆய்வில் ஸ்ட்ரெப், இர்வின், பெரிட்ஜ், ஷுல்ஸ் ஆகிய நால்வர் இருந்தனர். பெரிட்ஜ் அதற்கு முன்பு ஆண்டுக்கணக்கில் ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியோடு மல்லாடியவர். ஈயின் உமிழ்நீரில் தொடங்கிய கேள்வி எல்லா விலங்குச் செல்லுக்கும் பொருந்தும் பதிலில் வந்து முடிந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இனி செவ்வந்தியின் முடிச்சுக்கு வருவோம். ஐ.பி.3 ஏற்பி ஒரு கால்வாய், அதாவது சவ்வில் அயனி புகுந்து போகும் வாயில். அது திறக்க ஐ.பி.3 மட்டும் போதாது, சைட்டோபிளாசப் பக்கம் கொஞ்சம் கால்சியமும் வந்து ஒட்ட வேண்டும். கால்சியம் சில நூறு நானோமோலார்வரை ஏறும்போது கால்வாய் மேலும் திறக்கிறது. அதற்கு மேல் ஏறினால் மூடிக்கொள்கிறது. பெஸ்புரோஸ்வன்னி, வாட்ராஸ், எர்லிக் மூவரும் 1991இல் சிறுமூளை ஏற்பியில் இதை மணி வடிவ வளைகோடாக வரைந்து காட்டினார்கள். இந்தத் துறையில் ஒரே ஒரு படத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

ஆக, ஒரு கூட்டத்தில் ஒரு கால்வாய் தற்செயலாகத் திறக்கிறது. வெளிவந்த கால்சியம் பக்கத்துக் கால்வாய்களை எழுப்புகிறது. அந்தக் கூட்டம் முழுவதும் திறந்தால் ஒரு சிறு வெடிப்பு. அதன் கால்சியம் சில மைக்ரோமீட்டர் விரவி அடுத்த கூட்டத்தைத் தொட்டால் அங்கேயும் வெடிப்பு. ஒவ்வொரு அயனியும் மிகக் குறுகிய தூரமே நகர்கிறது. மறுகோடியில் வெளிப்படும் அயனி மறுகோடியில் இருந்த வலையிலிருந்தே வந்தது. ஐ.பி.3 செய்வது, எல்லாக் கூட்டங்களையும் விழிப்புநிலையில் வைத்திருப்பது. உங்கள் ஆசிரியர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

செவ்வந்தி எழுதியது:

அப்படியென்றால் சரவெடி மாதிரி! ஒரு வெடியின் நெருப்பு அடுத்த திரியைப் பற்றவைக்கிறது, முதல் வெடியின் மருந்து கடைசி வெடிவரை போவதில்லை. இந்த ஒப்புமை சரிதானா?

நிலாமுற்றம் எழுதியது:

பாதி தூரம் வரும். சரத்தில் வெடித்தது வெடித்ததுதான். செல்லில் செர்கா பம்பு கால்சியத்தை மறுபடி வலைக்குள் இழுத்துவிடுகிறது, மூடிய ஏற்பிகள் சில நொடிகளிலிருந்து நிமிடத்துக்குள் தயாராகிவிடுகின்றன. அதனால் அலை ஒருமுறை போனபின் இன்னொன்று போகலாம். செனோபஸ் முட்டைச் செல்லில் சுருள் சுருளாகச் சுற்றும் அலைகளைக்கூட 1991இல் லெக்லைட்டர், கிளாபம் குழுவினர் படமெடுத்தார்கள். இரண்டு அலைகள் எதிரெதிரே வந்து மோதினால் இரண்டும் அழிந்துவிடும். இரண்டுக்கும் பின்னால் இருப்பது இன்னும் தயாராகாத பகுதி அல்லவா.

கேள்விக்குறி எழுதியது:

விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் அழகான விளக்கங்கள் தவறாக இருந்ததும் உண்டு. கூட்டத்திலிருந்து கூட்டத்துக்குத் தூது போவது கால்சியம்தான் என்பதற்கு நேரடிச் சான்று என்ன? ஐ.பி.3 அலையாகவே புதிது புதிதாக உற்பத்தியாகி, கால்சியம் வெறுமனே அதன் நிழலாக வரலாம் அல்லவா? பாஸ்போலிபேஸ் சி நொதியே கால்சியத்தால் ஊக்கம் பெறுகிறது என்று படித்திருக்கிறேன்.

நிலாமுற்றம் எழுதியது:

மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் பின்னூட்டம் உண்மையிலேயே இருக்கிறது, விந்தணு கொண்டுவரும் பி.எல்.சி. சீட்டா என்னும் நொதியில் அது முக்கியமும்கூட. ஆனால் ஐ.பி.3, கால்சியம் இரண்டின் பங்கையும் பிரித்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. இயன் பார்க்கரின் குழு செய்தது.

ஒளி பட்டால் அவிழும் வகையில் பூட்டிய ஐ.பி.3யைச் செல்லுக்குள் செலுத்துகிறார்கள். புற ஊதா ஒளியை ஒரு கணம் காட்டினால் செல் முழுவதும் ஒரே நேரத்தில் ஐ.பி.3 எழும்பும். ஒளி மிகக் குறைவென்றால் ஒற்றைக் கால்வாயின் மினுக்கு. சற்றுக் கூட்டினால் ஒரு கூட்டத்தின் வெடிப்பு. ஒரே இடம் திரும்பத் திரும்ப மின்னும், பக்கத்தில் சத்தமே இருக்காது. இன்னும் கூட்டினால் திடீரென்று அலை கிளம்பும். இப்போது அதே செல்லில் ஈ.ஜி.டி.ஏ. என்னும் வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அது கால்சியத்தை இறுகப் பிடிக்கும், ஆனால் மெதுவாகப் பிடிக்கும். ஒரே கூட்டத்துக்குள் கால்வாய்கள் நெருங்கி நிற்பதால், ஈ.ஜி.டி.ஏ. பிடிப்பதற்குள் கால்சியம் பக்கத்துக் கால்வாயை அடைந்துவிடும். கூட்டங்களுக்கு நடுவிலுள்ள சில மைக்ரோமீட்டரைக் கடப்பதற்குள் பிடிபட்டுவிடும். விளைவு? வெடிப்புகள் அங்கங்கே நடக்கின்றன, அலை மட்டும் இல்லை. ஐ.பி.3 குறையவில்லை, ஏற்பிகள் விழித்தே இருக்கின்றன. நடுவில் அறுபட்டது கால்சியம் போகும் வழி ஒன்றுதான். நீங்கள் கேட்ட நேரடிச் சான்று அது.

வேப்பமர நிழல் எழுதியது:

அலையை முதலில் கண்ணால் கண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். இளையவர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

1961 கோடையில் ஒசாமு ஷிமோமுரா அமெரிக்காவின் பிரைடே ஹார்பரில் ஜெல்லிமீன்களின் ஒளிப்பொருளைப் பிரிக்கப் போராடிக்கொண்டிருந்தார். பயனற்றது என்று கழுவுதொட்டியில் கொட்டிய சாறு நீலமாகப் பளிச்சிட்டது. தொட்டியில் கடல்நீர் கலந்திருந்தது, கடல்நீரில் கால்சியம். இப்படிக் கிடைத்ததுதான் ஏக்குவரின். கால்சியம் பட்டால் ஒளிரும் புரதம். 1977இல் ரிட்ஜ்வே, கில்கி, ஜாஃபே மூவரும் அதை மெடாகா மீனின் முட்டைக்குள் செலுத்திக் கருவுறச் செய்தபோது ஒளி பெருமளவு எழும்பியது. அடுத்த ஆண்டு படமாகவே காட்டினார்கள். விந்தணு நுழையும் முனையில் ஒளி வளையம் பிறந்து, முட்டையைச் சுற்றி விரிந்து, எதிர்முனையில் சுருங்கி மறைகிறது. ரோஜர் சியென் குழுவின் ஃபியூரா-2 சாயம் 1985இல் வந்தபின் சாதாரண ஆய்வகங்களிலும் இதைப் பார்க்க முடிந்தது. பார்க்க ஒரு கருவி கிடைக்கும்வரை எத்தனை நல்ல கேள்விகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது!

கேள்விக்குறி எழுதியது:

ஈ.ஜி.டி.ஏ. சோதனை என்னைத் திருப்திப்படுத்துகிறது. அடுத்த ஐயம். பல செல்களில் கால்சியம் ஒருமுறை ஏறி இறங்குவதோடு நிற்காமல் துடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தத் துடிப்பின் எண்ணிக்கையே செய்தி என்கிறார்கள். பம்பும் கால்வாயும் மல்லுக்கட்டுவதால் வரும் பக்கவிளைவை நாம் செய்தி என்று எண்ணிக்கொள்கிறோமோ?

கடலோரக் கணிதன் எழுதியது:

இதில் நான் நடுவில் நிற்கிறேன். 1986இல் வூட்ஸ், கத்பர்ட்சன், காப்போல்டு ஆகியோர் எலியின் கல்லீரல் செல்களில் அளந்தபோது, ஹார்மோனைக் கூட்டினால் துடிப்பின் உயரம் மாறவில்லை, துடிப்புகள்தான் நெருங்கி வந்தன. பின்னர் டோல்மெட்ச் குழு நோய் எதிர்ப்பு வேலை செய்யும் டி செல்களில் செயற்கையாகவே துடிப்புகளை உண்டாக்கி, எந்த வேகத்தில் எந்த மரபணு விழிக்கிறது என்று பார்த்தது. வேகம் மாறினால் விழிக்கும் மரபணுவும் மாறியது. ஆகவே செல் துடிப்பைப் படிக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அது கடிகாரத் துடிப்பு அல்ல. ஸ்கூபின், ஃபால்கே குழுவினர் 2008இல் ஒற்றைச் செல்களில் இடைவெளிகளை அளந்து, அவை பெருமளவு தற்செயலானவை என்று காட்டினார்கள். ஒரு கூட்டத்தில் எப்போதாவது ஒரு வெடிப்பு போதுமான அளவு பெரிதாகி அலையைக் கிளப்பும்வரை செல் காத்திருக்கிறது. ஹார்மோன் கூடினால் அந்த வாய்ப்பு கூடுகிறது, சராசரி இடைவெளி குறைகிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய கால்வாய்களின் தற்செயல் முழுச் செல்லின் தாளத்தைத் தீர்மானிக்கிறது என்பது இயற்பியல்காரனான என்னை இந்தத் துறையில் கட்டிப்போட்ட விஷயம்.

இதயத்துடிப்பு எழுதியது:

மருத்துவர் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நீங்கள் எல்லோரும் அலையைக் கொண்டாடுகிறீர்கள். இதயத்தில் அலை வந்தால் ஆபத்து.

இதயத் தசைச் செல்லில் வெளியீட்டுக் கால்வாய் ரயனோடின் ஏற்பி. அதுவும் கால்சியத்தாலேயே திறக்கிறது. அப்படியானால் ஒரு இடத்தில் கிளம்பியது ஏன் ஒவ்வொரு முறையும் செல் முழுவதும் பரவிவிடுவதில்லை? காரணம் ஏற்பாட்டில் இருக்கிறது. ரயனோடின் ஏற்பிகள் சிறு கூட்டங்களாக, செல் சவ்வின் கால்சியக் கால்வாய்களுக்குப் பத்துப் பதினைந்து நானோமீட்டர் தொலைவில் நிற்கின்றன. மின்துடிப்பு வந்து அந்தக் கால்வாய்கள் திறந்தால்தான் இடுக்கில் போதிய கால்சியம் சேரும். ஒரு கூட்டம் வெளியிடுவதை 1993இல் செங், லெடரர், கேனல் படமெடுத்து கால்சியப் பொறி என்றார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் ஆயிரக்கணக்கான பொறிகள் ஒரே நேரத்தில் எழுகின்றன. தூது ஓட நேரமில்லாததால் மின்சாரமே எல்லா இடத்துக்கும் ஒரே சமயத்தில் ஆணை கொடுக்கிறது.

ரயனோடின் ஏற்பியின் மரபணுவில் குறை இருந்தால் கால்வாய் கசியும். ஓடும்போது, பயப்படும்போது, அட்ரினலின் ஏறிச் சேமிப்பு நிரம்பி வழிய, பொறி அடுத்த கூட்டத்தைத் தொற்றி அலையாகிறது. அந்த அலை தவறான நேரத்தில் மின்துடிப்பைக் கிளப்ப, தாளம் கெட்டுக் குழந்தை மயங்கி விழுகிறது. சி.பி.வி.டி. என்ற இந்த நோயின் மரபணு 2001இல் தெரியவந்தது. ஓய்வில் எடுத்த இ.சி.ஜி. சரியாகவே இருக்கும் என்பதால் வலிப்பு என்று தவறாக எண்ணப்படுவதும் உண்டு. விளையாடும்போதோ அதிர்ச்சியிலோ குழந்தை மயங்கினால், ஓய்வு இ.சி.ஜி. ஒன்றோடு விட்டுவிடாதீர்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தோட்டக்காரன் எழுதியது:

செடிகளை விட்டுவிட்டீர்களே! 2018இல் டொயோட்டா, கில்ராய் குழுவினர், ஒளிரும் கால்சியம் உணரி புகுத்திய அரபிடாப்சிஸ் செடியில் கம்பளிப்புழு ஓர் இலையைக் கடிப்பதைப் படமெடுத்தார்கள். ஓரிரு நிமிடத்தில் வெகு தொலைவிலுள்ள இலைகளிலும் கால்சியம் எழுந்தது. காயத்தில் கசியும் குளூட்டமேட் அதைத் தூண்டியது. தொட்டாற்சுருங்கியிலும் இலை மடங்குவதற்குச் சற்று முன்னே கால்சியம் ஓடுவதை 2022இல் காட்டினார்கள். அங்கே மின்துடிப்பும் உடன் ஓடுகிறது, ஆகவே உங்கள் முட்டை அலையைவிடப் பல மடங்கு வேகம்.

செவ்வந்தி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நிலாமுற்றம் அக்கா, எங்கள் துறையில் ஒளிர்வு நுண்ணோக்கி இருக்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்களான ஹீலா செல்களில், கால்சியம் பட்டால் ஒளிரும் ஃபுளூவோ-4 சாயம் ஏற்றி, செல்லைத் தூண்டும் ஹிஸ்டமின் கொடுத்துப் பார்க்க ஆசிரியர் இசைந்திருக்கிறார். வரும் கால்சியம் சேமிப்பறையிலிருந்து வருகிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்று எப்படிப் பிரிப்பது?

நிலாமுற்றம் எழுதியது:

மிக நல்ல தொடக்கம், செவ்வந்தி. முதலில் ஊடகத்தில் கால்சியம் சேர்க்காமல், ஈ.ஜி.டி.ஏ. சேர்த்து ஹிஸ்டமின் கொடு. இந்த ஈ.ஜி.டி.ஏ. செல்லுக்கு வெளியேதான் இருக்கும், உள்ளே போகாது. முதல் துடிப்பு அப்போதும் வரும், அது சேமிப்பறையின் கால்சியம். அடுத்தடுத்த துடிப்புகள் சிறுத்துக்கொண்டே போய் நின்றுவிடும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெளியே பம்பு செய்யப்பட்டுச் சேமிப்பு வற்றுகிறது. பிறகு கால்சியம் உள்ள ஊடகத்தை ஊற்றிப் பார், மறுபடி ஏறும். சேமிப்பு வற்றியதை எண்டோபிளாச வலையிலுள்ள ஸ்டிம் புரதம் உணர்ந்து, செல் சவ்வில் ஓராய் கால்வாயைத் திறந்திருக்கிறது. இந்த இரண்டையும் 2005, 2006ஆம் ஆண்டுகளில்தான் கண்டுபிடித்தார்கள், சேமிப்பு வற்றினால் வெளியிலிருந்து கால்சியம் எப்படி வருகிறது என்ற கேள்வியோ 1986இலிருந்தே இருந்தது. இன்னொரு தட்டில் தாப்சிகார்ஜின் கொடுத்துச் செர்காவை நிறுத்தி, சேமிப்பு கசிந்து தீர்ந்தபின் ஹிஸ்டமின் கொடு. துடிப்பே வராவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

படத்தில் செல்லின் சராசரி ஒளியை மட்டும் வரைந்துவிடாதே. ஒவ்வொரு செல்லிலும் ஒளி எந்த மூலையில் தொடங்குகிறது என்று பிரேம் பிரேமாகப் பார். பெரும்பாலும் அடுத்தடுத்த துடிப்புகளும் அதே மூலையில் தொடங்கும். அங்கேதான் எளிதில் உசுப்பப்படும் கூட்டங்கள் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. ஃபுளூவோ-4ம் கால்சியத்தைப் பிடிக்கும் பொருள்தான், அதுவும் விரவும். அளவு மிஞ்சினால் நீ பார்க்கும் அலையை அதுவே மந்தமாக்கும், சிறு வெடிப்புகளை மறைத்தும்விடும். முதலில் வழக்கமான அளவில் ஏற்றி அலையின் வேகத்தை அளந்துகொள். அடுத்த தட்டில் பாதி அளவு. இரண்டிலும் வேகம் ஒன்றாக இருந்தால் உன் அளவீட்டை நம்பலாம். மாறினால் இன்னும் குறைத்துக்கொண்டே போ. படங்கள் வந்ததும் இங்கேயே போடு, சேர்ந்து பார்ப்போம்.